எங்கள் ஊர் பிரேசில் தோற்ற சாயங்காலம்

பஞ்சர் ஒட்டுகிற பசையின் வாசம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் உள்ளங்கைகள் இரண்டும் தாமாக விரிந்து மார்புக்கு நேரே வந்து நின்றுகொள்கின்றன. பாளையங்கோட்டையில் நான் கணக்கு டீச்சராக வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை இருப்பதால் இந்தக் கூத்து வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடக்கும். கூட வருகிற டீச்சர்கள், "என்ன டீச்சர், நடுரோட்டுல சாமி கும்பிடுதியளா?" என்று கேலி பண்ணுவார்கள். கும்பிடவும் இல்லை, ஒன்றும் இல்லை. அது கோல்கீப்பரின் கை. என்னுடைய பதினோராவது வயதில், ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே ஆற்று மணலில், ஒட்டுக்குமேல் ஒட்டுப் போட்ட ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் பழகிய கை.

அந்த வருஷம் உலகக்கோப்பை ஆட்டங்கள் நம் ஊர் நேரத்துக்குப் பட்டப்பகலிலேயே வந்தன. வெயில் கொடுமை என்று பள்ளிக்கூடம் திறப்பதையும் தள்ளிவைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? வாடகை சைக்கிள் கடை அண்ணாச்சி தன் கடைக்குள் ஒரு கலர் டிவி வாங்கி வைத்திருந்தார். வாழைக்காய்ச் சுமை இறக்கிவிட்டு வருகிறவர்கள், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள், நாங்கள் என்று ஊரே அந்தக் கடை வாசலில் கிடக்கும். எந்த நாடு எந்த மூலையில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எந்தக் 'குரூப்'பில் எவன் முதலிடம், எவன் மூட்டை கட்டப் போகிறான் என்பது அங்கே பீடி வலிக்கிற கிழவருக்குக்கூட அத்துப்படி. அண்ணாச்சிக்கு அந்தப் பட்டியலின்மேல் அப்படியொரு பைத்தியம். "ஆட்டத்தப் பாக்குறது பெருசில்லவே, பட்டியலைப் படிக்கத் தெரியணும்" என்பார். படித்துப் படித்து, நம் ஊரிலும் ஒரு உலகக்கோப்பை நடத்திப்பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

நாலு அணி. ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேரோடும் ஒரு தடவை ஆட வேண்டும், ஜெயித்தால் மூன்று பாயிண்ட், சமன் ஆனால் ஒன்று. பாயிண்டில் சரிக்குச் சரி வந்தால், போட்ட கோலில் இருந்து வாங்கின கோலைக் கழித்து மிச்சத்தைப் பார்க்க வேண்டும். என் அண்ணன் இசக்கி அப்போது பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு இருந்தான்; ஊரிலேயே அவனைப்போலப் பந்தைத் தடுத்து ஆடுகிறவன் கிடையாது. அவன் தலைவன் என்பதால் அவன் அணிக்குப் 'பிரேசில்' என்ற பேர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அணைக்கட்டுத் தெருப் பையன்கள் 'ஜெர்மனி', பஜார் பையன்கள் 'ஜப்பான்'. இந்த மூன்று அணியும் ஆள் பொறுக்கிய பிறகு மிச்சம் விழுந்த சின்னது, சோனி, திக்குவாய், அப்புறம் நான் – எல்லோரும் சேர்ந்து 'கேமரூன்'. என்னை ஏன் எடுக்கவில்லை என்று இசக்கியிடம் சண்டை பிடித்தேன். "வீட்டு ஆள எடுத்தா ஊரு பேசும்ட்டி" என்றான். நியாயஸ்தன்! அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெண்பிள்ளை ஆடுவதா என்று ஒன்றிரண்டு பேர் முனகினார்கள். அண்ணாச்சி, "அவ நிக்குத கோல்ல ஒரு பந்து போட்டுக் காட்டு, பொறவு பேசு" என்று வாயை அடைத்துவிட்டார். நான் அந்த வயதுக்கு நெட்டை, கையும் நீளம். ஈர மணலில் வாழைத் தண்டை நட்டுத்தான் கோல் கம்பம். பாய்ந்து விழும்போதெல்லாம் கம்பத்தில் மோதி, பாவாடை சட்டையெல்லாம் வாழைக்கறை. வெளுத்தாலும் போகாத கறை. அம்மா ஒவ்வொரு சாயங்காலமும் என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் சோறு போடுவாள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சைக்கிள் கடைக்கு ஓடுவோம். வாடகை எழுதிப்போட்டிருந்த தகரப் பலகையைத் துடைத்துவிட்டு, அண்ணாச்சி அதில் சாக்பீஸால் நாலு அணியின் பேரையும் வரிசைப்படி எழுதுவார். பெரிய ஆட்கள்கூட டீ கிளாஸோடு வந்து நின்று, யார் மேலே, யார் கீழே என்று அடித்துக்கொள்வார்கள்.

முதல் இரண்டு இடம் பிடிக்கிற அணிகளுக்குப் பரிசு, கோப்பையும் இல்லை கீப்பையும் இல்லை, புன்னக்காயல் பயணம். ஆறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கிற அந்த மீன்பிடி ஊரில் கோயில் திருவிழாவை ஒட்டிக் கடற்கரையில் பந்தாட்டம் நடக்கும். அங்கே இருக்கிற ஒரு சிநேகிதர் "இந்தத் தடவை ஒங்க ஆத்தங்கரைப் பிள்ளைகள்ல ரெண்டு டீமைக் கூட்டிட்டு வாரும்" என்று அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். மற்ற பிள்ளைகளுக்குக் கடல், வேன் சவாரி, ஐஸ் என்று ஆசை. எனக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. புன்னக்காயலில் என் அக்கா இருந்தாள்.

பேச்சி அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா வயலுக்குப் போய்விடுவதால் என்னைத் தூக்கி வளர்த்தது முழுக்க அவள்தான். பஜாரில் வாழையிலை கட்டுகிற வேலைக்குப் போன இடத்தில், மீன் வண்டியில் வருகிற சேவியரோடு பழக்கமாகி, போன வருஷம் ஒரு நாள் கிளம்பிப் போய் அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். வேற்று மதம், வேற்றுச் சாதி. அப்பா ஆற்றில் போய் ஒரு முங்கு முங்கிவிட்டு வந்து, "அவளத் தலமுழுகியாச்சி. இனி இந்த வீட்டுல எவளாவது அவ பேரச் சொன்னா, அவளுக்கும் அதுதான்" என்றார். அம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். இசக்கி அக்காவின் பள்ளிக்கூடப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டான். நான் ராத்திரியெல்லாம் பக்கத்தில் கைபோட ஆளில்லாமல் கிடந்தேன்.

புன்னக்காயலில் இருந்து கூடையில் மீன் கொண்டுவருகிற லூர்தக்காதான் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே வழி. அவள் மீனை அளந்துகொண்டே, யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, "ஒங்க மவ நல்லா இருக்கா", "ஒங்க மவளுக்குக் காய்ச்சல் விட்டுட்டு" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவாள். அந்தக் கோடையில் ஒரு நாள், "ஒங்க மவ முழுகாம இருக்கா. ஏழாம் மாசம். யாராவது வருவாங்களான்னு வாசலப் பாத்துட்டே இருக்கா பாவம்" என்றாள். அம்மா வாங்கிய சாளை மீனைத் தெரியாமல் அவள் கூடையிலேயே திரும்பப் போட்டாள். முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டில் வளையல் அடுக்க வேண்டும். ஊரில் எந்தக் கெட்டுப்போன குடும்பத்திலும் அதைத் தவறவிட மாட்டார்கள்.

மறுநாள் அம்மா பஜாரில் போய்ச் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வந்து, தன் பழைய சேலைத் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். என்னைத் தனியே இழுத்துப்போய், "நீங்க ஜெயிச்சு அங்கன போனீங்கன்னா, இதக் கொண்டுபோய் அவ கையில நீயே போட்டு விட்டுட்டு வந்திரு. என்னால அது ஒண்ணுதான் முடியும்" என்றாள். பந்து விளையாடுவதற்காகத் தினமும் என் தலையில் குட்டுகிறவள், அன்றைக்கு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பிடிச்சு ஆடுட்டி" என்று சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வருமா? கேமரூன் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தே ஆக வேண்டும்.

அப்பா விடுவாரா என்ற பயம் இருந்தது. அண்ணாச்சி டீக்கடையில் வைத்து அவரிடமே கேட்டுவிட்டார்: "பிள்ளைகள புன்னக்காயலுக்குக் கூட்டிட்டுப் போறேன், எம் பொண்டாட்டியும் வாரா. ஒம்ம மவளையும் அனுப்புவேரா?" நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வேண்டாம் என்று சொன்னால் இன்னும் அக்காவை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஆகிவிடும். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "புன்னக்காயல் எந்தத் தெசையில இருக்குன்னே எனக்குத் தெரியாதுவே. யாரு எங்கன போனா எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவருடைய வீம்பே எனக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிட்டது.

முதல் ஆட்டத்தில் பிரேசில் எங்களுக்கு இரண்டு கோல் போட்டது, நாங்கள் ஒன்றும் போடவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். இரண்டாவது ஆட்டத்தில் நடந்ததுதான் அதிசயம். ஜெர்மனிக்காரர்கள் எங்களைப் பொடிப்பயல்கள் என்று நினைத்து மிதப்பாக ஆட, திக்குவாய் முருகன் இரண்டு கோல் அடித்துவிட்டான். கடைசியில் அவர்கள் முட்டி மோதியும் ஒரு கோலுக்குமேல் என்னைத் தாண்டிப் போடமுடியவில்லை. ஊரே எங்களைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அன்று வீட்டுக்குத் திரும்புகிற வழியில் சந்தோஷம் தாங்காமல் நான் இசக்கியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முழுகாமல் இருப்பது, வளையல், அரிசிப் பானை, எல்லாம். அவனும் அவள் தம்பிதானே, சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன், "யாரிட்டயும் சொல்லாதட்டி. அப்பா காதுல விழுந்துரப் போவுது" என்றான். எனக்கு ஒரு சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தான். பாவி, அந்த ஐஸை நான் ருசித்துச் சாப்பிட்டேன்.

கடைசிச் சுற்றில் எங்களுக்கும் ஜப்பானுக்கும் ஒரு ஆட்டம், பிரேசிலுக்கும் ஜெர்மனிக்கும் ஒரு ஆட்டம். உலகக்கோப்பையில் ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டத்தையும் ஒரே நேரத்தில்தான் வைப்பார்கள். அண்ணாச்சி அதைப் பல தடவை எங்களுக்கு விளக்கியிருந்தார்: "ஒருத்தன் கணக்க ஒருத்தன் பாத்துட்டு, அதுக்குத் தக்கன ஆடிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான்." எங்கள் ஊரில் மணலுக்குக் குறைவில்லை, பத்து ஆட்டம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். பந்துதான் ஒன்றே ஒன்று! அதனால் ஒன்று காலையில், ஒன்று சாயங்காலம் என்று ஆயிற்று. எது முதலில் என்று பேச்சு வந்தபோது இசக்கி எழுந்து, "சின்னப் பிள்ளைக காலையில ஆடட்டும் அண்ணாச்சி. வெயில் ஏறிட்டா மணல்ல கால் வைக்க முடியாது. நாங்க பைய சாயங்காலம் ஆடிக்கிடுதோம்" என்றான். என்ன பொறுப்பான பையன் என்று எல்லோரும் மெச்சினார்கள். அண்ணாச்சி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

காலை ஆட்டத்தில் நாங்கள் ஜப்பானை ஜெயித்தோம். மூன்றுக்கு இரண்டு. கடைசியில் ஒரு பந்தைப் பிடிக்கப் போய் வாழைத் தண்டையே பெயர்த்துக்கொண்டு விழுந்து, பந்தை மட்டும் விடாமல் கிடந்தேன். அண்ணாச்சி பலகையில் எழுதினார். பிரேசில் ஆறு, கேமரூன் ஆறு, ஜெர்மனி மூன்று, ஜப்பான் சைபர். எங்கள் கோல் கணக்கு மட்டும் சுத்த மோசம். போட்டதும் வாங்கினதும் சரியாக இருந்தது, மிச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் அதைப்பற்றி யாருக்கென்ன கவலை? பிரேசில் ஜெயித்தாலும் சரி, சமன் செய்தாலும் சரி, நாங்கள் இரண்டாமிடம். பிரேசில் தோற்றால்தான் மூன்று பேருக்கும் ஆறு ஆறு பாயிண்ட் ஆகி, கோல் கணக்கில் நாங்கள் அடிபட்டுப் போவோம். இசக்கியின் பிரேசில் தோற்பதாவது! அம்மா மத்தியானமே அரிசிப் பானைக்குள் கைவிட்டு மூட்டையை எடுத்து என் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துவிட்டாள். லூர்தக்கா மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது தெருமுனையில் நின்று, "ஞாயித்துக்கிழம வாரேன்னு அக்காட்டச் சொல்லிருங்க" என்று கத்திச் சொன்னேன். அவள் காலிக் கூடையை ஆட்டிக்கொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, தொண்டை கட்டுகிற அளவுக்குப் "பிரேசில்! பிரேசில்!" என்று கத்தினேன். ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஜெர்மனிப் பையன் ஒருவன் பந்தை ஓட்டிக்கொண்டு இசக்கிக்கு நேரே வந்தான். இசக்கி எப்படித் தடுப்பான் என்று எனக்குத் தெரியும். வீட்டு முற்றத்தில் ஆயிரம் தடவை என்னைத் தடுத்திருக்கிறான். இடது காலை முன்னால் வைத்து, வலது காலால் பந்தைக் கொத்தி எடுப்பான். அன்றைக்கு அவன் இடது காலை முன்னால் வைத்தான். அப்புறம் அந்தக் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான். பந்து அவனைத் தாண்டிப் போய்க் கோலுக்குள் விழுந்தது.

சரி, ஒரு கோல் தானே, திருப்பிப் போட்டுவிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததற்குப் பேர் ஆட்டம் இல்லை. பிரேசில் பையன்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று தட்டிக்கொண்டார்கள். ஜெர்மனிக்காரர்களுக்கு அந்த ஒரு கோல் போதும், அவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அதிகம் வாங்கினால் பிரேசிலே வெளியே போய்விடும். ஒரே ஒரு கோலில் தோற்றால் ஜெர்மனியும் பிரேசிலும் உள்ளே, நாங்கள் வெளியே. அந்தக் கணக்கைக் காலையிலேயே பலகையைப் பார்த்துப் போட்டு வைத்துக்கொண்டு வந்து, கணக்குப் பிசகாமல் ஆடினார்கள். கரையில் இருந்த ஆட்களுக்கு மெல்ல மெல்ல விளங்கிற்று. "ஏலே இசக்கி, சோறுதானலே திங்க?" என்று ஒருவர் கூப்பாடு போட்டார். "தங்கச்சி டீமைக் கழுத்தறுக்கானே, இவனெல்லாம் ஒரு அண்ணனா" என்று இன்னொருவர் காறித் துப்பினார். எனக்கு அப்போதும் புரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அவனுக்குக் காலில் அடிபட்டிருக்கிறது என்றுதான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்து அவன் துள்ளிக்கொண்டு மேட்டில் ஏறினான். காலில் அடியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அண்ணாச்சி விசிலைக் கழற்றி மணலில் எறிந்தார். "என்னலே நெனச்ச என்னை? பந்து ஒண்ணுதான் இருக்குன்னு என்னையவே ஏமாத்துதியா? இந்த ஆட்டம் செல்லாது. நாளைக்குத் திரும்ப ஆடணும்" என்றார். இசக்கி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "தோத்தது நான் அண்ணாச்சி. தோத்த எனக்கே வருத்தமில்ல, ஒங்களுக்கு என்ன? சட்டம் ஒங்க சட்டந்தான?" தான் எழுதி வைத்த சட்டத்தைத் தானே மீற அண்ணாச்சிக்கு மனம் வரவில்லை. பலகையைத் துடைத்துவிட்டு ஜெர்மனி, பிரேசில், கேமரூன், ஜப்பான் என்று எழுதினார். மூன்று பேருக்கும் நேரே ஆறு, ஆறு, ஆறு.

தோற்க வேண்டிய அவசியமே அவனுக்குக் கிடையாது. அதுதான் என் வயிற்றில் இன்றுவரை எரிகிறது. உலகத்தில் எத்தனையோ அணிகள் தங்களுக்கு வழி பண்ணிக்கொள்வதற்காக இன்னொருவனைக் கவிழ்த்திருக்கும். அது ஒரு சுயநலம், போகட்டும் என்று விடலாம். இவனுக்குச் சமன் செய்தாலே இடம் உறுதி. ஜெயித்திருந்தால் முதலிடம். அந்த முதலிடத்தை விட்டுக்கொடுத்து, ஊர் காறித் துப்பியதையும் வாங்கிக்கொண்டு, என்னை வெளியே தள்ளுவதற்காக மட்டும் தோற்றான்.

மறுநாள் அவன் துணி மடித்துவைத்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் மூட்டையை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். "நீயாவது குடுத்துருய்யா" என்றாள். அவன் வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் கடை முன்னால் இருந்து வேன் புறப்பட்டபோது நானும் கேமரூன் பிள்ளைகளும் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். சாயங்காலம் முகமெல்லாம் வெயிலில் கறுத்து, சட்டையில் உப்பு பூத்துத் திரும்பி வந்தான். "குடுத்தியாய்யா?" என்று அம்மா கேட்டாள். "குடுத்தேன்." "போட்டுக்கிட்டாளா?" "போட்டுக்கிட்டா." அம்மா அடுப்படிக்குள் போய் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அழுதாள். சந்தோஷ அழுகை. நான்கூட அவனைப் பாதி மன்னித்துவிட்டேன்.

அடுத்த வாரம் லூர்தக்கா எங்கள் தெருவுக்கு வரவில்லை. பஜாரில் அவளைப் பார்த்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கையை உதறிவிட்டு, "தள்ளிப் போட்டி அங்கிட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவுக்குப் பெண் பிறந்த சேதி யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் நான் பெரியவளாகி, பந்தைத் தொடவே கூடாது என்று ஆகிவிட்டது. அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம். புன்னக்காயலுக்கு ஒரு பஸ் ஏறினால் முடிகிற காரியம், ஏறவில்லை. அக்காதான் என்மேல் கோபமாக இருக்கிறாளே, எந்த முகத்தோடு போவது என்று இருந்துவிட்டேன்.

அப்பா செத்த பிறகுதான் அக்கா அந்த வீட்டுப் படி ஏறினாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெண்கள் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். அம்மா அக்காவின் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "அன்னைக்கு இசக்கிட்டக் குடுத்து விட்டேனே, அந்த வளையல் ஒனக்குச் சரியா இருந்துச்சாட்டி? நிதானத்துலதான் வாங்கினேன்" என்று கேட்டாள். எத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை மனதில் வைத்திருந்தாளோ! அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்த வளையல்மா?" என்றாள்.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலையிலேயே கடற்கரைக்கு வந்து, எனக்காகப் பொரித்த மீனைத் தூக்குவாளியில் வைத்துக்கொண்டு, வேனிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்திருக்கிறாள். இசக்கி அவளிடம் போய், "அவ வர மாட்டேன்னுட்டாக்கா. வண்டியில ஏத்தி உக்கார வச்சேன், ஒம் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு எறங்கி ஓடிட்டா" என்றானாம். அக்கா அதை நம்பிவிட்டாள். நானும் அவளும் ஆளுக்கொரு கரையில் உட்கார்ந்து, அவளுக்கு என்மேல் கோபம் என்று நானும், எனக்கு அவள்மேல் அருவருப்பு என்று அவளுமாக இத்தனை வருஷத்தைத் தொலைத்திருக்கிறோம். பந்தி பரிமாறிவிட்டு உள்ளே வந்த இசக்கியிடம் அம்மா, "அந்த வளையல என்னய்யா பண்ணின?" என்று கேட்டாள். அவன் தப்பிக்கவெல்லாம் பார்க்கவில்லை. "அப்பவே தண்ணியில போட்டுட்டேன். ஒருத்தி போனதே போதும், இவளும் அந்த வாசப்படிய மிதிச்சுப் பழகினா குடும்பம் என்னத்துக்கு ஆவும்? இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றான். குரல் கூட ஏறவில்லை. அம்மா இன்றைக்கும் அவனோடுதான் இருக்கிறாள். வேறு எங்கே போவாள்?

அன்று முதல் அக்காவும் நானும் ஒரு கட்சி ஆனோம். தினமும் போனில் பேசினோம். பேச்சில் பாதி இசக்கியைத் திட்டுவதுதான். திட்டித் திட்டி இழந்த வருஷங்களை ஈடுகட்டப் பார்த்தோம். அவள் சொல்லுகிற வசவுகள் எனக்கே புதுசாக இருக்கும். வயிறு குளிரும்.

இப்போது மறுபடியும் உலகக்கோப்பை வந்திருக்கிறது. என் மகள் செல்போனில் பாயிண்ட் பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். சாக்பீஸுக்கு வேலை இல்லை. அவள் ஆடுவது மணிக்கணக்குக்கு வாடகை கட்டுகிற, பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்த மைதானத்தில். அணைக்குக் கீழே நாங்கள் ஆடின மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆளை விழுங்குகிற பள்ளமும் தண்ணீரை மூடிக் கிடக்கிற அமலைச் செடியும்தான் மிச்சம். சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அண்ணாச்சியும் இல்லை. இதெல்லாம் எல்லா ஊரிலும் நடக்கிறதுதான், இதற்காக நான் இவ்வளவு தூரம் எழுதவில்லை.

போன தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம்; அந்தச் சாயங்காலத்தில் அவள் வயிற்றில் இருந்த அதே பிள்ளைக்கு. நான் முதல் தடவையாகப் புன்னக்காயலில் கால் வைத்தேன். பந்தல் வாசலில் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக, மாலை போட்டு உட்கார வைத்திருந்தார்கள் இசக்கியை. தாய்மாமன் இல்லையா! மைக்கில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவன் கையால் மாலை வாங்கித்தான் பெண்ணைச் சபைக்கு அழைத்துவந்தார்கள். அக்கா அவன் நெற்றியில் சந்தனம் பூசினாள். அவன் காதருகில் அவள் என்னவோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அடுப்படிப் பக்கம் அவளை மடக்கி நிறுத்தினேன். அவள் என் கன்னத்தைத் தொட்டு, "கோவப்படாதட்டி. மாமன் இல்லாம எம் பொண்ணு சபையில நிக்க முடியுமா? மாப்பிள்ள வீட்டுக்காரன் கேப்பாம்லா? நடந்தது நடந்து போச்சி, நான் அவன மன்னிச்சிட்டேன். நீயும் கொஞ்சம் பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட ஓடிவிட்டாள். இப்போதெல்லாம் போனில் இசக்கியைப் பற்றி நான் வாயைத் திறந்தால் பேச்சை மாற்றிவிடுகிறாள். "ஒம் வீட்டுக்காரரு எப்படி இருக்காரு, பிள்ள நல்லாப் படிக்காளா" என்கிறாள். அவன் எனக்குச் செய்தது பச்சைத் துரோகம், அதோடு எப்படி வாழ்வது என்று நான் எப்போதோ பழகிவிட்டேன். அக்கா அவனை மன்னித்துவிட்டாளே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்லுவேன்?